வாயுள்ள பிள்ளை பிழைக்கும்: வாசகர் கேள்வி பதில்

ஒரு செமஸ்டர், இரண்டு செமஸ்டர் என்று பரிமாற்ற மாணவராக வெளிநாடு போகிற பிள்ளைகள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் பார்த்தால் பிள்ளைகளுக்குச் சமமாக அம்மாக்களும் எழுதியிருக்கிறார்கள். நான் 2009இல் ஜெர்மனியில் ஒரு நடுத்தர ஊரில் ஒரு செமஸ்டர் படித்தவள். இப்போது பாளையங்கோட்டையில் பாடம் நடத்துகிறேன், வருஷத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகளை விமானம் ஏற்றி விடுகிற வேலையும் எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. அந்த வகையில் தெரிந்ததைச் சொல்கிறேன். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, நான் எம்.எஸ்சி. படிக்கிறேன். ஒரு செமஸ்டருக்கு ஜெர்மனி போகிறேன், விசா வந்துவிட்டது. எங்கள் வீட்டில் திருவனந்தபுரத்தைத் தாண்டி யாரும் போனதில்லை. போய் இறங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் "அங்க போனா தெரியும்" என்கிறார்கள். பெட்டியில் என்ன வைப்பது என்பதிலும் வீட்டில் தினமும் சண்டை. (மாணவர், மேலப்பாளையம்)

பதில்: "அங்க போனா தெரியும்" என்று எனக்கும் சொன்னார்கள் தம்பி. நான் போய் இறங்கியது 2009 அக்டோபர் 3, சனிக்கிழமை. டிக்கெட் விலை குறைவாக இருக்கிறதே என்று அப்பா தேடிப் பிடித்துப் போட்ட நாள். அக்டோபர் 3 என்பது இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான நாள், தேசிய விடுமுறை, நாடு முழுக்கக் கடை கிடையாது. மறுநாள் ஞாயிறு, ஞாயிற்றுக்கிழமை அங்கே எப்போதுமே கடை கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்கு ஜங்ஷன் பக்கம் போனாலும் ஒரு பரோட்டாக் கடையில் கல் சூடாக இருக்கும் என்ற நினைப்பிலேயே வளர்ந்தவளுக்கு இரண்டு நாளும் கைமுறுக்கும் குழாய்த் தண்ணீரும்தான் ஆகாரம். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கிற கடைகள் விடுமுறையிலும் திறந்திருக்கும் என்று திங்கட்கிழமைதான் ஒருத்தி சொன்னாள். விடுதியில் என் மாடியிலேயே பதினோரு பேர் இருந்தார்கள், ஒருவரிடம் கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். வந்ததும் வராததுமாகச் சாப்பாடு எங்கே என்று கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கூச்சத்தை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அதனால் முதல் விஷயம், திங்கள் முதல் புதன் வரைக்கும் ஏதாவது ஒரு நாள், காலையில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். விடுதிச் சாவி தருகிற ஆள் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பெரும்பாலும் இருக்க மாட்டார்.

அடுத்தது முகவரிப் பதிவு. குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் "நான் இந்த வீட்டில் இருக்கிறேன்" என்று பதிய வேண்டும், ஆன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, இவர் இங்கே குடிவந்திருக்கிறார் என்று வீட்டுக்காரரோ விடுதி அலுவலகமோ கையெழுத்துப் போட்டுத் தருகிற தனித்தாள் ஒன்று உண்டு, சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பல ஊர்களில் முன்பதிவு இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே இங்கே இருக்கும்போதே ஆன்லைனில் நேரம் பிடிக்கப் பாருங்கள். இந்தப் பதிவுச் சீட்டைத்தான் அப்புறம் வங்கியில், விசா நீட்டிப்பில், எங்கே போனாலும் கேட்பார்கள். திரும்பி வரும்போது பதிவை ரத்து செய்துவிட்டு வர வேண்டும், அதை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

தபால்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இதில் மாட்டிக்கொள்ளாத ஆளை நான் பார்த்ததில்லை. "யாரு, அந்த டீச்சர் வீட்டுப் பிள்ளையா" என்று விசாரித்துக் கொண்டுவந்து தர அங்கே ஆள் கிடையாது, பெட்டியில் பெயர் இல்லை என்றால் கடிதம் வந்த வழியே போய்விடும். வங்கிக் கார்டு, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் இன்னும் தபாலில்தான் வருகின்றன. வருகிற கடிதம் ஜெர்மன் மொழியில் இருக்கிறதே, ஏதோ விளம்பரம் போல என்று தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் ஒன்று உண்டு, உங்களிடம் டிவி இருக்கிறதா இல்லையா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரே வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் பங்கு கொடுத்துவிடலாம். என் மாணவி ஒருத்தி அந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப் போட்டாள், நாலாவது கடிதம் அபராதத்தோடு வந்தது.

பணம். விசாவுக்காக ப்ளாக்டு அக்கவுண்டில், அதாவது செலவுக்கு என்று முன்கூட்டியே போட்டுப் பூட்டி வைக்கிற கணக்கில், மாதத்துக்கு 992 யூரோ கணக்கில் போட்டிருப்பீர்கள் (2024 செப்டம்பரிலிருந்து அதுதான் தொகை, உதவித்தொகை இருந்தால் அதையே காட்டியிருப்பீர்கள்). அந்தப் பணம் இறங்கிய அன்றைக்கே கைக்கு வராது, அங்கே கணக்கைத் திறந்து, தாள்களை அனுப்பி, மாதாமாதம் அளந்து விடுவார்கள். விடுதி முன்பணம், முதல் வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றுக்கும் முதல் மாதக் காசு தனியாகக் கையில் இருக்க வேண்டும். முப்பது வயதுக்குள் இருக்கிற மாணவருக்கு அரசுக் காப்பீடு மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ. காப்பீட்டுச் சான்று இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிய மாட்டார்கள்.

பெட்டிக்கு வருவோம். குளிருக்கான கோட்டை இங்கே வாங்காதீர்கள். டவுனில் எந்தக் கடையில் கேட்டாலும் ஊட்டி போகிறவர்களுக்கு ஆனதைத்தான் தருவார்கள். ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய் இறங்கி, அங்கே பழைய துணிக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான், சின்ன மிக்ஸி ஓடும், மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர் மட்டும் வேண்டும். நெய், பால்கோவா, உப்புக்கண்டம் மூன்றையும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். பால் பொருளும் இறைச்சியும் பயணி பையில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரக்கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் பயிர் நலச் சான்று இல்லாமல் கூடாது, 2019 டிசம்பரிலிருந்து பழம் காய்கறி எல்லாவற்றுக்கும் அந்தச் சான்று கேட்கிறார்கள், விலக்கு ஐந்தே ஐந்துக்குத்தான்: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை. எந்த மகராசன் போட்ட பட்டியலோ, தேங்காயும் வாழைப்பழமும் அதில் இருக்கிறது. இடித்த பொடிகளைத் தாராளமாகக் கொண்டு போகலாம். எள்ளு மிளகாய்ப்பொடி ஒரு கிலோ, சாம்பார் பொடி ஒரு கிலோ, அதற்கு மேல் அம்மா எவ்வளவு அழுதாலும் வேண்டாம், அரிசியும் பருப்பும் எல்லா ஊரிலும் ஆசியக் கடையில் கிடைக்கிறது.

கேள்வி: தங்கச்சி, உன்னை அப்படித்தான் கூப்பிடத் தோன்றுகிறது. என் மகள் ஆகஸ்ட் கடைசியில் பின்லாந்து போனாள். முதல் மாதம் தினமும் போட்டோவாக அனுப்பினாள். இப்போது நவம்பர் வந்ததிலிருந்து போனை எடுத்தாலே அழுகை. யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள், மதியமே இருட்டிவிடுகிறது, ரூமை விட்டு வெளியே போகவே பிடிக்கவில்லை என்கிறாள். நான் சாயங்காலம், ராத்திரி, காலை என்று மூன்று வேளையும் கூப்பிட்டுப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் அப்பா "போதும், டிக்கெட் போட்டுக் கூட்டிட்டு வந்துருவோம்" என்கிறார். என்ன செய்ய? (ஒரு தாய், அம்பாசமுத்திரம்)

பதில்: அக்கா, முதலில் அந்த இருட்டைப் பற்றி. அது உங்கள் மகளின் கற்பனை இல்லை. ஹெல்சிங்கியில் டிசம்பர் மாதம் மூன்றாவது வாரத்தில் காலை ஒன்பதே கால் தாண்டித்தான் சூரியன் தலைகாட்டும், மதியம் மூன்றே காலுக்கெல்லாம் போய்விடும், வடக்கே போகப் போக அதுவும் இல்லை. ஆற்றில் விடியக்காலையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வெயிலில் நின்ற பிள்ளைக்கு அது உடம்புக்கே ஒத்துக்கொள்ளாது. அந்த ஊர்க்காரர்களே அந்த மாதங்களில் சோர்ந்துதான் கிடக்கிறார்கள், வைட்டமின் டி மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள், வெளிச்சம் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் எப்படியாவது வெளியே ஒரு நடை போய் வருகிறார்கள். மகளிடம் மதியம் பன்னிரண்டு மணிக்கு அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள், குளிராக இருந்தாலும். முதல் மாதம் எல்லாம் அழகாகத் தெரிவதும் அடுத்த மாதம் எல்லாம் கசப்பதும் போகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு நடக்கிறதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இரண்டாவது கொஞ்சம் கசப்பாக இருக்கும், தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். நீங்கள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் அங்கே இப்போது மாலை ஐந்தரை (அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிட்டார்கள், இப்போது நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம்). ஐந்தரையிலிருந்து ஏழு வரைக்கும்தான் விடுதிப் பொதுச் சமையலறையில் எல்லாப் பிள்ளைகளும் சமைப்பார்கள். சட்டியைக் கடன் கேட்பது, உப்பு கேட்பது, இது என்ன வாசனை என்று எட்டிப் பார்ப்பது, சிநேகிதம் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் உண்டாகிறது, வகுப்பில் இல்லை. அந்த நேரத்தில் உங்கள் மகள் ரூமுக்குள் உங்களோடு வீடியோ காலில் இருக்கிறாள். வெளியே இருப்பவர்கள் இந்தப் பெண்ணுக்குத் தனியாக இருக்கத்தான் பிடிக்கும் போல என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள், பின்லாந்துக்காரர்கள் அப்படி ஒதுங்குவதை மரியாதை என்றே நினைக்கிறவர்கள். தானாக வந்து பேச மாட்டார்கள், ஆனால் நாம் போய் ஒன்று கேட்டால் பத்து நிமிஷம் நின்று ஒழுங்காகப் பதில் சொல்வார்கள்.

நான் போன காலத்தில் என்னிடம் ஸ்மார்ட்போன் கிடையாது, காலிங் கார்டு வாங்கி ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் அழுதால் காசு போகுமே என்று அழாமல் பேசப் பழகினேன். அதை உயர்ந்த காலம் என்று சொல்ல வரவில்லை, அம்மா எனக்குத் தெரியாமல் வீட்டில் அழுதிருக்கிறாள், பிற்பாடு சித்தி சொல்லித்தான் தெரியும். ஆனால் வாரத்தின் மற்ற ஆறு நாளும் அங்கே இருந்தேன்.

ஆகவே ஒரு ஏற்பாடு. உங்களுக்குப் பகல் பதினொன்று என்றால் அவளுக்குக் காலை ஏழரை, அப்போது கூப்பிட்டு எழுப்பி விடுங்கள், பத்து நிமிஷம் போதும், இருட்டில் எழுந்திருக்க அம்மா குரல் நல்ல மருந்து. மாலையில் கூப்பிடாதீர்கள். "சாப்டியா" என்று கேட்பதை விட்டுவிட்டு "இன்னைக்கு யார்ட்ட பேசுன" என்று கேளுங்கள். சனிக்கிழமை கூட்டாஞ்சோறு ஆக்கி மாடியில் இருப்பவர்களைக் கூப்பிடச் சொல்லுங்கள், ஒரே பானைதான், காய்கறி எது கிடைத்தாலும் அதில் சேரும், முருங்கைக்காய் இல்லை என்று உங்களிடம் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

கூட்டிக்கொண்டு வருவதைப் பற்றி. அங்கே இலையுதிர்கால செமஸ்டர் டிசம்பரோடு முடிகிறது, ஒரே செமஸ்டர்தான் என்றால் இன்னும் சில வாரங்கள்தான். இப்போது டிக்கெட் போட்டால் பாடங்களின் மதிப்பெண் எதுவும் கணக்கில் வராது. ஆனால் அவள் இரண்டு வாரமாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, வகுப்புக்கே போகவில்லை என்றால் அது வேறு கதை. பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு என்றே உளவியலாளர்கள் இருக்கிறார்கள், பரிமாற்ற அலுவலகத்தில் கேட்டால் நேரம் வாங்கித் தருவார்கள். அங்கே போய்ப் பேசுவதை "ஊர் என்ன சொல்லும்" என்று யோசிக்காதீர்கள், ஊருக்குத் தெரியவே போவதில்லை. அப்படியும் முடியவில்லை என்றால் கூட்டி வாருங்கள், ஒரு செமஸ்டர் போனால் போகட்டும்.

கேள்வி: அக்கா, நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். இப்போது ஜெர்மனியில் பரிமாற்ற மாணவன். பாடம் ஆங்கிலத்தில்தான், புரிகிறது. ஆனால் வகுப்பில் எல்லாரும் பேராசிரியரோடு சரிக்குச் சரி வாதாடுகிறார்கள், எனக்கு வாயே வரவில்லை. முதல் நாள் அவர் உள்ளே வந்ததும் நான் மட்டும் எழுந்து நின்றேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். (மாணவர், சுரண்டை ஊர்க்காரர்)

பதில்: எழுந்து நின்றதற்கு வெட்கப்படாதீர்கள், நானும் நின்றிருக்கிறேன். அதுவும் என் வகுப்பு பத்து மணி என்று தாளில் போட்டிருந்ததால் பத்து மணிக்கே போய்க் காலி அறையில் உட்கார்ந்து, தப்பான இடம் போல என்று பயந்து வெளியே வந்து, பத்தேகாலுக்கு எல்லாரும் உள்ளே போவதைப் பார்த்துத் திரும்ப ஓடியவள். அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் சி.டி. என்று போட்டிருந்தால் கால் மணி நேரம் கழித்துத் தொடங்கும், எஸ்.டி. என்றால் சொன்ன நேரத்துக்கே. வகுப்பு முடிந்ததும் மேசையைத் தட்டுவார்கள், சண்டை இல்லை, அதுதான் கைதட்டல்.

பேசுவதற்கு வருவோம். நம் வகுப்பறையில் கேள்வி கேட்கிற பையன் ஒன்று அதிகப்பிரசங்கி, இல்லையென்றால் மக்கு. அங்கே கேட்காதவன்தான் படிக்காமல் வந்தவன். செமினார் வகைப் பாடங்களில் பங்கெடுப்பதையும் பார்ப்பார்கள். முந்தின நாள் ராத்திரியே ஒரு கேள்வியை, ஒன்றே ஒன்று, தாளில் முழு வாக்கியமாக எழுதிக்கொண்டு போங்கள், வகுப்பின் முதல் இருபது நிமிஷத்துக்குள் கேட்டுவிடுங்கள். நேரம் போகப் போக நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும், கடைசியில் கேட்காமலே வந்துவிடுவோம், எனக்கு அனுபவம் இருக்கிறது. உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், அவர்களுக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். ஒவ்வொரு பேராசிரியருக்கும் வாரத்தில் ஒரு சந்திப்பு நேரம் இருக்கும், மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போனால் பதினைந்து நிமிஷம் உட்காரவைத்துப் பேசுவார். மூன்று மாதம் அந்தக் கதவுக்கு முன்னால் நடந்து போய்விட்டு நாலாவது மாதம் தட்டினேன். "ஏன் இவ்வளவு நாள் வரவில்லை" என்றுதான் கேட்டார்.

இன்னும் முக்கியமானது, உங்கள் கடிதத்தில் இல்லாதது. தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும். பாடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டால் தேர்வும் எழுதலாம் என்று நம் ஊர் வழக்கப்படி நினைத்துக்கொண்டு கடைசித் தேதியை விட்டுவிடுகிறார்கள், விட்டால் அந்தப் பாடம் போச்சு. போகும் முன் எந்தெந்தப் பாடம் என்று இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத் தாள் இருக்கிறதே, அங்கே போய்ப் பாடத்தை மாற்றினால் அந்த மாற்றத்துக்கும் இங்கே உங்கள் துறையிலிருந்து எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். போனில் "சரிப்பா, பாத்துக்கலாம்" என்று சொன்னதை நம்பி ஒரு பையன் திரும்பி வந்து ஒரு வருஷம் அலைந்தான். ஒரு செமஸ்டருக்கு முழுச் சுமை என்பது 30 ஈசிடிஎஸ் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடத்துக்குத் தருகிற புள்ளி), ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. முதல் தடவை போகிறவர்கள் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். வேறொருவர் எழுதியதை வெட்டி ஒட்டி அசைன்மெண்ட் கொடுப்பது இங்கே வேண்டுமானால் கண்டும் காணாமல் போகும், அங்கே பாடமே போய்விடும்.

மதிப்பெண் வரும் முன்பே வீட்டில் சொல்லிவையுங்கள், அங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. என் மாணவி 1.3 வாங்கியதை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், அவள் ஆச்சி "பரவால்ல விடு, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: மேடம், எங்கள் வீட்டில் முட்டைகூடத் தொட மாட்டோம். ஏப்ரலில் ஓர் ஆண்டுக்கு ஜப்பான் போகிறேன். அங்கே சைவம் கிடைக்குமா? குக்கர், மிக்ஸி எல்லாம் கொண்டு போகலாமா? (மாணவி, கல்லிடைக்குறிச்சி)

பதில்: கிடைக்கும், ஆனால் பார்த்தால் சைவமாக இருப்பதெல்லாம் சைவம் இல்லை. மிசோ சூப்பில் மிதப்பது டோஃபுவும் கீரையும்தான், அடியில் இருக்கிற சாறு மீன். சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி உலர்த்திச் சீவுகிற கட்சுவோபுஷி என்பதைப் போட்டு இறக்குகிற தாஷி என்ற ரசம்தான் அவர்கள் சமையலுக்கு அடிப்படை. தூத்துக்குடிப் பக்கத்துச் சிநேகிதி இருந்தால் கேட்டுப் பாருங்கள், மாசிக் கருவாட்டுக்குக் கிட்டத்தட்ட தம்பி முறை. உடோன், சோபா என்கிற நூடுல்ஸ் வகைகளின் குழம்பு, வேகவைத்த காய் எல்லாவற்றிலும் அது இருக்கும். "சைவம்" என்று சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டு மீன் சாற்றோடு தருவார்கள், ஏமாற்றுவது இல்லை, அவர்கள் கணக்கில் அது சைவம். ஆகவே இரண்டு வாக்கியம் மனப்பாடம் பண்ணுங்கள்: "நிகு தோ சகனா வா தபெமசென்", இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன். "தாஷி வா ஹைத்தெ இமாசுகா", தாஷி போட்டிருக்கிறதா. கேட்பதை யாரும் தப்பாக நினைப்பதில்லை, உள்ளே போய்ச் சமையல்காரரிடமே விசாரித்துக்கொண்டு வருவார்கள். புத்தக் கோயில்களில் ஷோஜின் ரியோரி என்று ஒரு சமையல் இருக்கிறது, கடற்பாசியிலும் காளானிலும் சாறு எடுப்பார்கள், அது உங்களுக்கு ஆகும், விலைதான் ஆகாது. தினப்படிக்கு நீங்களே சமைப்பதுதான் வழி. அந்த ஊர் அரிசி குழையும், தயிர்சாதத்துக்கு அதைவிட நல்ல அரிசி கிடையாது என்று நான் சொல்வேன், நீங்கள் சண்டைக்கு வராதீர்கள். டோக்கியோ என்றால் நிஷி கசாய் பக்கம் நம் நாட்டுக் கடைகள் இருக்கின்றன.

மிக்ஸி வேண்டாம், அங்கே 100 வோல்ட், நம் மிக்ஸி முனகும், அரைக்காது. குக்கர் கொண்டு போகலாம், ஆனால் விடுதியில் இண்டக்‌ஷன் அடுப்பாக இருக்க வாய்ப்பு அதிகம், அலுமினியம் அதில் சூடே ஏறாது, அடியில் காந்தம் ஒட்டுகிற ஸ்டீல் குக்கராகப் பாருங்கள். ஊர் அப்பளம் இரண்டு கட்டு வையுங்கள், மைக்ரோவேவில் பொரியும். தாளிக்கும்போது மட்டும் ஜாக்கிரதை: வற்றல் மிளகாயைக் கிள்ளி எண்ணெயில் போட்டு ஜெர்மனியில் என் மாணவன் ஒருவன் மொத்த விடுதியையும் ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருவில் நிறுத்தியிருக்கிறான், புகை உணர்கருவி அலறி, தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தாளியுங்கள்.

தாள் வேலை அங்கே சுலபம்தான். பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போதே குடியிருப்பு அட்டை கொடுத்துவிடுவார்கள், வீடு போய்ச் சேர்ந்த 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள், ஆஸ்பத்திரிச் செலவில் 30 சதவீதம்தான் உங்கள் பங்கு. இருபது வயது ஆகிவிட்டது என்றால் அதே கவுண்டரில் ஓய்வூதியச் சந்தாவைப் பற்றியும் கேளுங்கள், மாணவர்களுக்குத் தள்ளிவைக்கிற வசதி உண்டு, கேட்டால்தான் தருவார்கள்.

கேள்வி: வெளிநாட்டில் பார்ட் டைம் வேலை பார்த்துக் கல்விக் கடனை அடைத்துவிடலாமா? (மாணவர், வள்ளியூர்)

பதில்: ஒரு செமஸ்டரிலா? முடியாது தம்பி. ஜெர்மனியில் மாணவர் விசாவில் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம், ஜப்பானில் தனி அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம். மொழி தெரியாமல் வேலை தேடவே இரண்டு மாதம் ஆகும், கிடைக்கிற நேரத்தில் ஊர் திரும்பப் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். கைச்செலவுக்கு வருமா என்றால் வரும். அந்த நம்பிக்கையில் கடன் வாங்காதீர்கள்.

கேள்வி: அக்கா, விடுதித் தோழிகளுக்குக் கொடுக்க அம்மா இரண்டு கிலோ அல்வா வாங்கி வைத்திருக்கிறாள். கொண்டு போகட்டுமா? (மாணவி, தச்சநல்லூர்)

பதில்: கால் கிலோ கொண்டு போங்கள், ஐரோப்பா என்றால் நெய்ப் பண்டம் கூடுமா என்று மட்டும் முதலில் விசாரித்துவிடுங்கள். நான் ஒரு கிலோ கொண்டு போனேன், வழியில் நெய் கசிந்து என் டிகிரிச் சான்றிதழின் நகல் அத்தனையும் கண்ணாடித் தாள் மாதிரி ஆகிவிட்டது, நகராட்சி அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் குழைவான பண்டம் என்று எடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. அப்புறம் இன்னொன்று, கையில் எடுத்தால் வழுக்குகிறதே என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் முதல் வாய்க்குக் கொஞ்சம் தயங்குவார்கள், மனசு விட்டுப்போக வேண்டாம். பேராசிரியருக்கோ பொறுப்பாளருக்கோ என்றால் பத்தமடையில் கோரையில் நெய்த சின்ன மேசை விரிப்பு வாங்கிக்கொள்ளுங்கள், சுருட்டினால் குடைக்குள் அடங்கும். நான் கொடுத்தது அந்தப் பேராசிரியர் அறைச் சுவரில் இப்போதும் தொங்குகிறது என்று போன வருஷம் போன மாணவன் போட்டோ அனுப்பினான், அது விரிப்பு, மேசையில் போட வேண்டியது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.